பூட்டிய காம்பராவும் கேரம் பலகையும்

நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களிலும் மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் புதிதாகப் பொறுப்பேற்கும் தங்கைகளுக்கு,

பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். அது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கஞ்சியில் என்னென்ன போட வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அதனால் கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளை இனி யார் என்ன செய்ய முடியும்?

பெரகலச் சந்திக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தையையும் நடை பழகும் பிள்ளையையும் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் நிறுவை முடிந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இந்த வேலை எத்தனை பெரியது என்று தோட்டத்தில் யாரும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைத்ததில்லை.

கொரோனா வந்தது. ஊரெல்லாம் அடங்கிக் கிடந்தபோது தோட்டத்துக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. காம்பராவைத் திறக்க மட்டும் அனுமதி இல்லை. பிள்ளைகளை ஒரே அறையில் கூட்டி வைக்கக் கூடாது என்பது சுகாதாரப் பகுதியினரின் உத்தரவு. அதில் நியாயம் இருந்தது, நானே என் கையால் பூட்டுப் போட்டேன். ஆனால் கொழுந்து மலைக்கு வரலாம், பிள்ளையை விட இடமில்லை என்றால் தாய் எப்படி வருவாள்? சின்னப் பிள்ளை உள்ள வீடுகளில் முதலில் ஒருத்தி வேலையிலிருந்து நின்றாள், பிறகு இன்னொருத்தி நின்றாள். கொழுந்து செடியிலேயே முற்றிக் கொண்டிருந்தது.

மாதம் பிறக்கும் நாளில் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, வராதவர்களின் பேரை வெட்டுவதாகத் தோட்டத்து மேலாளரான துரை அறிவித்தார். பேர் வெட்டினால் பிறகு கைக்காசுக்கு வரலாம். தோட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பேர் பதிந்த பெண்ணுக்குச் சேமலாப நிதி உண்டு, பிரசவ விடுமுறை உண்டு, நாளைக்கும் வேலை உண்டு. கைக்காசுக்காரிக்கு அன்றன்று பறித்த கொழுந்து மட்டும்தான். எங்கள் தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. போன பேர் போனதுதான்.

அந்த அறிவிப்பைக் கேட்டதும் என் குவாட்டர்ஸ் வாசலுக்கு முதலில் வந்தவள் தவமணி. வருடக்கணக்காகக் கைக்காசுக்குப் பறித்துவிட்டு, கடைசியாகப் பேர் பதிந்தவர்களில் ஒருத்தி. இடுப்பில் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பெண் குழந்தை. எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவோம்.

“டீச்சர், பேர் போனா எனக்குத் திரும்ப வராது. புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டாவது போறேன்னு கணக்கப்புள்ள ஐயாகிட்ட கேட்டேன். மலைக்குப் புள்ளையக் கொண்டாந்தா தோட்டத்துக்கே கேஸ் வருமாம். என்னா செய்யச் சொல்றீங்க?”

 எனக்குக் கோபம் நிறைய வந்தது. அந்தக் கோபத்தோடேயே துரையைப் பார்க்கப் போனேன்.

துரை கெட்டவர் அல்ல. அவரும் தலைக்கு மேல் வெள்ளம் போன நிலையில்தான் இருந்தார். “காம்பராவத் தொறக்க எனக்கு அதிகாரம் இல்ல டீச்சர். கொழுந்து இல்லாம ஃபெக்டரிய ஓட்டவும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு வழி தெரிஞ்சா சொல்லுங்க, செய்யலாம்” என்றார். மாதப் பிறப்பு வரைக்கும் ஒருவர் பேரிலும் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதற்குமேல் ஒரு நாளும் தர மாட்டேன் என்றும் சொன்னார்.

நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. உடனே ஒரு யோசனை சொன்னேன். தாய்மாரை எல்லாம் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மலையில் போடுங்கள், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அழுகைச் சத்தம் கேட்டால் தாய் ஓடிவந்துவிடலாம் என்றேன். கணக்கப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சரிங்க டீச்சர், நீங்க சொன்னாச் சரி” என்று மட்டும் சொன்னார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்த மலை கவ்வாத்து வெட்டி வெகுநாள் ஆகாத மலை. செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், மறுபடி தழைத்துக் கொழுந்து கட்டக் காலம் எடுக்கும். நாள் முழுக்கப் பறித்தாலும் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, வேண்டிய நிறை சேராது. தாய்மாருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். டீச்சர் பேசி நிறையைக் குறைத்திருப்பார் என்று அவர்கள் நம்பினார்கள். பறிக்கிறவர்கள் பறித்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். இரண்டு பக்கமும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. மாலை நிறுவையில் ஒவ்வொருத்திக்கும் அரைப்பேர் விழுந்தது.

தவமணி கொழுந்துக் கூடையோடு நேரே என் முன்னால் வந்து நின்றாள். “டீச்சர், வீட்டுல இருந்தா பேர் மட்டுந்தான் போகும். நீங்க செஞ்ச ஒதவியில நாள் முழுக்க வெயில்ல நின்னு பாதிக் கூலியோட போறோம். பெரிய புள்ளைங்க சின்னதுகள விட்டுட்டுப் பீலித் தண்ணியில வெளையாடப் போயிருச்சுக. கேக்காம ஒதவி செய்யாதீங்க டீச்சர்” என்றாள்.

அன்றைக்கு வலித்தது. இன்றைக்கும் அதைவிட நல்ல பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஒரு பெண்ணை வேலையில் வைத்திருக்க ஏதாவது செய்யப் போகிறீர்களா, அதனால் அவள் கைக்கு வருவது குறையுமா என்று அவளிடமே முதலில் கேளுங்கள். அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நாலு பேர் போட்ட திட்டம் என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லயத்து வழியாக நடந்து போனேன். தவமணியின் லயத்துக் கோடியில் பெரிய சத்தம். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்துவிட்டு, ஊரடங்குக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்த ஆண்கள் அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வந்ததும் வீட்டுக்குள் அடைந்து இருக்க வேண்டிய காலம் எல்லாம் முடிந்திருந்தது. வேலை இல்லை. போக இடமில்லை. காலையில் போட்ட பலகையை இருட்டினால்தான் எடுப்பார்கள். ஒவ்வொருவரும் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பலகையை எத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? பலகைக்குப் பின்னால் இஸ்தோப்பில், லயத்து அறைகளின் முன்தாழ்வாரத்தில், தவமணி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ரவி சிவப்புக் காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் பிள்ளையை எங்கே விடுவது என்று தாய்மாரிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தோட்டத்தில் சும்மா இருந்த கைகள் எல்லாம் இந்தப் பலகையைச் சுற்றி இருந்தன.

“தம்பி ரவி, தவமணி மலைக்குப் போகட்டும். இந்த லயத்துப் புள்ளைங்கள நீங்க பாருங்க” என்றேன்.

 பலகையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு ஜெகனுடையது. ஜெகன் கொழும்பில் ஒரு சலூனில் முடி வெட்டுகிறவன். மனைவி வெளிநாட்டுக்குப் போயிருந்தாள். தாயோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் தவமணிக்குப் பக்கத்து அறையில் இருந்தான்.

“டீச்சர், அப்புடியே எனக்கு ஒரு சேலையும் வாங்கிக் குடுங்க, கட்டிக்கிறேன்” என்றான்.

ரவி சிரிக்கவில்லை. “பொஞ்சாதி கொழுந்துக்குப் போயி, நான் புள்ளைக்குக் கால் கழுவிக்கிட்டு இருந்தா நாளைக்கு நான் வெளிய தல காட்ட முடியுமா டீச்சர்?”

“கொழும்புல என்னா வேல செய்றீங்க?”

“ஹோட்டல்ல சமையல்.”

“அங்க ஊரான் புள்ளைக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டுட்டுத் தலையக் காட்டிக்கிட்டுத்தான இருந்தீங்க? சொந்தப் புள்ளைக்குப் போட்டா மட்டும் தல எங்க போயிரும்?”

அவன் பலகையில் பவுடரைத் தேய்க்கத் தொடங்கினான். தவமணி குனிந்து பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

இந்த முறை கேட்காமல் செய்யவில்லை. தாய்மாரைக் கூட்டிக் கேட்டேன். அவர்கள் சொன்னது ஆண்களுடைய வெட்கத்தைப் பற்றியே அல்ல. “பொம்பளப் புள்ளைய ஆம்பளைங்ககிட்ட எப்புடி விடுறது டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நல்ல காரியம் நடக்கப் போகிறது என்ற அவசரத்தில் இந்தக் கேள்வியை அமுக்கிவிடாதீர்கள். அதைக் கேட்டவளைத் தடைக்கல் என்று நினைக்காதீர்கள். அவள்தான் உங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறாள்.

பேசிப் பேசி ஒழுங்கு வைத்தோம். ஒரு லயத்துப் பிள்ளைகள் அந்த லயத்திலேயே இருக்க வேண்டும், அடுத்த லயத்தோடு கலக்கக் கூடாது. பிள்ளைகள் இஸ்தோப்பில், எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அறைக்குள் கூட்டிப் போகக் கூடாது. தனியாக ஓர் ஆள் பார்க்கக் கூடாது. வேலையிலிருந்து நின்ற மூத்த பெண் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் அவர் பொறுப்பு. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, ஒரே பீலியில் தண்ணி எடுக்கிற பிள்ளைகள்தானே, லயத்துக்குள்ளேயே இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

மற்ற லயங்களில் இழுபறிப்பட்டு ஆள் சேர்ந்தது. ஓரிடத்தில் ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர், ஓரிடத்தில் லொறி டிரைவர். தவமணியின் லயத்தில் ரவி சம்மதமாகத் தலையை ஆட்டினான். கூட உட்கார ஜெகனின் தாய் ஒத்துக்கொண்டார். மாதப் பிறப்பு அன்று தொடங்குவது என்று முடிவு. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதற்கு முந்திய மாலை தவமணி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அவரு மொதலாளி போன் எடுத்துக் கூப்புட்டுட்டாரு டீச்சர். ஹோட்டலத் தொறக்குறாராம், சாப்பாடு கட்டி விக்க. வராட்டி வேற ஆளப் போட்டுருவேன்னுட்டாரு. பெரகலையில மரக்கறி லொறி ஒண்ணுல எடம் சொல்லியிருக்கு. விடிய முன்ன எறங்கிருவாரு.”

“நீ போகாதன்னு சொல்லலையா?”

“எப்புடிச் சொல்றது? அந்த வேலையும் போச்சுன்னா? எனக்கு எம் பேர் எப்புடியோ அவருக்கு அது அப்புடித்தான?”

ரவியின் மேல் எனக்கு வந்த கோபம் அந்த வார்த்தையில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேறு யாரும் பிடி கொடுக்கவில்லை. ஜெகன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. சேலை கேட்டவனிடம் போய் என்ன கேட்பது என்று நினைத்தேன்.

விடிந்தது. பெரட்டுக்களத்தில் தள்ளித் தள்ளி நிற்பதற்காகச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெண், கூடையோடு, முகக்கவசத்தோடு. மேல்கரையில் பீலிக்குப் பக்கத்தில் ஆண்கள் பல் துலக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கு யார் பேர் வெட்டப்படும் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள், வேறென்ன?

தவமணி கடைசியாக வந்து தன் வட்டத்தில் நின்றாள். ஒரு தோளில் கூடைக் கயிறு, இடுப்பில் பாப்பா. அந்த லயத்து மற்றத் தாய்மார், அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கப் பிள்ளைகளோடு தள்ளி நின்றார்கள்.

“தவமணி, புள்ளையோட நின்னா நான் பேர் போட ஏலாது” என்றார் கணக்கப்பிள்ளை. அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை. “யார்கிட்டயாவது குடுத்துட்டு வா. இல்லாட்டி வீட்டுக்குப் போ.”

அவள் அசையவில்லை. “எம் பேரக் கூப்புடுங்க ஐயா, நான் வந்துட்டேன்” என்றாள்.

என் கைகள் தாமாகவே நீண்டன. அந்தக் குழந்தையை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். என்னிடம் தாவி வரும் பிள்ளை அது. ஒரு நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்துவிடும். அன்றைக்குத் தீரும். அந்த லயத்து மற்றப் பிள்ளைகளை எங்கே வைப்பேன்? நாளைக்கு யார் தூக்குவார்? டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று அத்தனை பேரும் பலகைக்குத் திரும்பிவிடுவார்கள். நீட்டிய கைகளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். தவமணி என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டுதான் நின்றேன்.

“கணக்கப்புள்ள ஐயா, ஒரு நிமிசம்” என்றேன். மேல்கரையைப் பார்த்துத் திரும்பினேன். எனக்குக் குரல் பெரியது, காம்பராவில் பழகியது.

“அங்க நிக்கிற ஆம்பளைங்க கேளுங்க. தவமணி பேர இப்ப வெட்டப் போறாங்க. வேல செய்யத் தெரியாமயா? இல்ல. வர மனசில்லாமயா? இந்தா கூடையோட நிக்கிறா. புள்ளையத் தூக்க ஒரு ஆள் இல்லாம வெட்டப் போறாங்க. எனக்குக் கை இருக்கு, ஆனா நான் தூக்க மாட்டேன். உங்க லயத்துப் புள்ள, நீங்க தூக்குங்க.”

 பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒருவன் வாயைக் கொப்புளித்துத் துப்பினான். கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்தார்.

அப்போது கரையிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். முகத்தில் ஒரு பக்கம் சவரம், மறு பக்கம் சோப்பு நுரை. ஜெகன். தோளில் கிடந்த துவாயால் நுரையைத் துடைத்துவிட்டு, துவாயின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினான்.

“குடுங்க தங்கச்சி.”

கரையில் யாரோ ஒருவன் “சேல எங்கடா?” என்று கத்தினான். ஜெகன் திரும்பிப் பார்த்தான்.

“எம் பொஞ்சாதி அங்க அரபிக்காரன் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிறா. ப்ளேன் இல்லாம வர ஏலாம நிக்கிறா. அவ காசுலதான் நான் கேரம் வெளையாண்டுகிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் புள்ளையத் தூக்குனா நான் என்னா கொறஞ்சா போயிருவேன்?”

பிறகு தவமணியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அம்மா இஸ்தோப்புல பாய் விரிச்சிருச்சு. டீச்சர் போட்ட சட்டமெல்லாம் எனக்குத் தெரியும். கேரம் வெளையாண்டாலும் காது கேக்குந்தான?”

தவமணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு பாப்பாவைக் கொடுத்தாள். பாப்பா வீரிட்டு அழுது அவன் காதைப் பிடித்து இழுத்தது. அவன் அப்படியே தூக்கிக்கொண்டு கரையேறினான், அந்த லயத்து மற்றப் பிள்ளைகளும் அவன் பின்னால் போனார்கள். மேலே நின்றவர்கள் வழி விட்டார்கள்.

“தவமணி” என்றார் கணக்கப்பிள்ளை.

“இருக்கேங்க.”

மற்ற லயங்களையும் சுற்றிவிட்டு மத்தியானம் அங்கே போய்ப் பார்த்தேன். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கழுத்தில் துணி சுற்றி, சீப்பை மட்டும் வைத்து முடி வெட்டுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான் ஜெகன். அழுகை எல்லாம் போய்விட்டது. அடுத்த முறை யாருக்கு என்று சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் கேரம் கோஷ்டியில் இன்னும் இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பலகையை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? பிள்ளைகள் அதன்மேல் சோறு சாப்பிட்டார்கள். எனக்கு அது பரம திருப்தி.

கொழும்பில் ஹோட்டல் மறுபடி மூடப்பட்டதும் ரவி திரும்பி வந்தான். வீட்டுக்குள் அடைந்து இருக்க வேண்டிய நாட்களில், தாயும் பிள்ளையும் ஜெகன் வீட்டில் இருந்தபோது, தன் மகள் இன்னொருவன் தோளில் தூங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே விட்டதும் என்னிடம் வந்து, “எனக்கும் ஒரு மொற போடுங்க டீச்சர்” என்றான். நான் எதுவும் சொல்லிக் காட்டவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை உள்ள தாய் ஒருத்தியின் பேரும் அந்தக் காலத்தில் வெட்டப்படவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். அடக்கம் எல்லாம் உங்களுக்கு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை. காம்பராவை மறுபடி திறந்தபோது ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். ஜெகன் வந்து கேட்டான். விளம்பரத்தில் பெண்கள் மட்டும் என்று போட்டிருந்தது. மேலிடத்துக்கு ஏறி இறங்கிப் பேசினேன், நடக்கவில்லை. அவன் மறுபடி கொழும்புக்குச் சலூனுக்கே போய்விட்டான். தீபாவளிக்கு வரும்போது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவன் வாசலில் முடி வெட்ட வரிசையில் நிற்கிறார்கள். அந்த விளம்பரம் இன்னும் அப்படியேதான் வருகிறது. அதை மாற்றுகிற வேலையை உங்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்பாகக் கேட்கவில்லை, செய்தே ஆக வேண்டும் என்று சொல்கிறேன்.

தவமணி இப்போது அந்தத் தோட்டத்தில் கங்காணி. போன மாதம் ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்துப் பக்கமாகப் போனேன். அவள்தான் ஆட்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வட்டங்கள் மழையில் அழிந்து போயிருந்தன. புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் கண்கலங்க ஓரமாக நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சலாம், காம்பராவில் விட முடியாதாம்.

தவமணி அவளிடம் போனாள். “காய்ச்சல் கடுமையா இருந்தா வீட்டுக்குப் போ, நான் சொல்லிக்கிறேன். லேசா இருந்தா, புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்திருக்க?”

“லேசாத்தான் அக்கா. அவரு வச்சிருக்காரு.”

பெரட்டில் யாரும் சிரிக்கவில்லை. தவமணி தலையை ஆட்டிவிட்டு அவள் பேரைக் கூப்பிட்டாள்.